பனிக்கடலுக்கு ஏற்ற நிறம்

கண்ணுகளா,

"எங்களோட இல்லாம அத்தனை வருசம் ஏம்ப்பா கொல்லிமலையில் இருந்தே?" என்று நீங்க ரெண்டு பேரும் கேட்கும்போதெல்லாம் "வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் ஒரு பொம்மை விமானத்துக்கு நான் தேடிப் பிடித்த நிறமும் அதற்கு ஒரு காரணம். இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்க அம்மா குறுக்கே புகுந்து சிரித்துவிடுவாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்க.

முதலில் விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில், பெரிய உலகச் சண்டை நடந்தபோது, உங்க அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய ஷெட்டில் பெயிண்டு அடிக்கிற வேலையில் இருந்தேன். கடற்படை விமானங்களைக் கொண்டுவந்து பழுது பார்க்கிற இடம் அது. கப்பல் மேலிருந்து கிளம்பிக் கப்பல் மேலேயே வந்து இறங்குகிற விமானங்கள். இடத்தை அடைக்காமல் இருக்க, கோழி படுக்கிறபோது றெக்கையை ஒடுக்குவதுபோல இறக்கையை மடக்கி வைத்திருப்பார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்படை. அங்கே வேலை செய்த எங்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. நானும்தான்.

பெயிண்டு டப்பாவில் கடல் சாம்பல் என்று பெயர் போட்டிருக்கும். முதல் நாள் நான் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏனுங்க, கடல் நீலமாத்தானுங்க இருக்கும்? இது சாம்பலா இருக்குதே?"

"நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"நானும் பாக்கல. டப்பாக்காரன் பாத்திருக்கான். அடி."

மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அது கடலாகத் தெரிய வேண்டும், கீழே இருந்து பார்க்கிறவனுக்கு ஆகாயமாகத் தெரிய வேண்டும். அதனால் முதுகுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம். இரண்டு நிறம் சேருகிற இடத்தில் நேர்க்கோடு கூடாது, தண்ணீர் ஓடின தடம் மாதிரி வளைந்து வளைந்து போக வேண்டும். பளபளப்பு கூடவே கூடாது. இவ்வளவுதான் எங்கள் தொழில். பிறகு ஒருநாள் இன்னொரு உத்தரவு வந்தது. இறக்கையில் வட்டமாக ஒரு அடையாளம் இருக்கும், அதன் நடுவில் சிவப்பு. எதிரி விமானத்திலும் சிவப்பு வட்டம்தான் இருக்கிறதாம். தூரத்தில் பார்க்கிற நம்ம ஆளே நம்ம விமானத்தைச் சுட்டுவிடக்கூடாது என்று சிவப்பை எல்லாம் மறைக்கச் சொன்னார்கள். எத்தனையோ நாள் நான் சிவப்பை மூடிக்கொண்டே இருந்தேன். பெயிண்டு அடிப்பதே ஒன்றைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதற்குத்தான் என்று கையிலேயே ஊறிவிட்டது.

சண்டை முடிந்தது, வேலையும் போயிற்று. கல்யாணம் ஆகி, நீங்க ரெண்டு பேரும் பிறந்து, அங்கே இங்கே என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கொல்லிமலையில் இந்த வாச்சர் வேலை கிடைத்தது. மலைக்கு ரோடு போடப் போகிறோம் என்று மேலே சாமான் வைக்க ஒரு ஷெட்டு போட்டிருந்தார்கள். அதற்குக் காவல். மழைக்காலத்தில் வேலையாட்கள் கீழே இறங்கிப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டார்கள். கடப்பாரை, தார் டின், சிமெண்டு மூட்டை, நான்.

நீங்க அப்போது மலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில், அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஊட்டில் இருந்தீங்க. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து உங்க அம்மா மேலே வரவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. மாற்று ஆள் வந்தால் மட்டும் நான் இறங்கி வருவேன். பெரியவன் கொஞ்சம் பேசுவான். சின்னவளே, நீ என்னைக் கண்டதும் அம்மா முந்தானைக்குள் போய்விடுவாய். நான் மடியில் கட்டிக்கொண்டு வந்த மலைவாழைப்பழத்தை மட்டும் முந்தானைக்கு வெளியே கையை நீட்டி வாங்கிக்கொள்வாய். முகம் வராது, கை மட்டும் வரும்.

மேலே ஷெட்டுக்கு எதிர்ச் சரிவில் ஒரு மலைக்கவுண்டர் தினையும் சாமையும் போட்டிருந்தார். என் கண்ணுக்கு எட்டிய ஒரே வீடு அவருடையதுதான். சாயங்காலமானால் அவர் கூரையின் மேல் புகை எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் நானும் அடுப்பைப் பற்றவைப்பேன். அங்கே அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்துக்கு இங்கே நானும் சாப்பிட்டால் கூடச் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு நினைப்பு. இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

விடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறை விளிம்பில் போய் நிற்பேன். கார்த்திகை மார்கழியில் அங்கே நின்றால் கீழே ஊர் இருக்காது. வெள்ளையாகப் பனி நிறைந்து, சின்னச் சின்னக் கரட்டுக் குன்றுகள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பனி அசையும், கரையில் வந்து மோதி விலகும். கடலைப் பார்த்தவர்கள் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது, சத்தம் மட்டும்தான் இல்லை. அப்படி நின்ற ஒரு காலையில்தான் தோன்றியது. முன்னொரு காலத்தில் பொங்கின கடல் திரும்பிப் போகாமல் காரவள்ளியோடு நின்றுவிட்டிருந்தால்? கொல்லிமலை ஒரு தீவாகியிருக்கும். தீவு என்றால் கடற்படை வேண்டும். கப்பல் காரவள்ளியில் நிற்கும். கப்பல் மேல் விமானம் இருக்கும். அந்த விமானத்துக்கு என்ன நிறம் அடிப்பார்கள்?

சிரிக்காதீங்க. பேச ஆள் இல்லாதவன் இப்படித்தான் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வான்.

அடுத்த முறை இறங்கி வந்தபோது பெரியவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப நம்ம ஊடு முழுகிருமாப்பா?"

"ஊடு முழுகும் சாமி. நீங்க முழுக மாட்டீங்க. அதுக்கு முன்னாடியே எல்லாரும் மேல வந்திருப்பீங்க."

"அம்மாவுமா?"

"அம்மாவும்தான்."

அடுப்படியில் இருந்த உங்க அம்மா, "கடல் வந்தாத்தான் நான் மேல வரோணுமா?" என்றாள். சொன்ன விதம் கோபம் மாதிரி இல்லை. அப்புறம் நான் கிளம்புகிறபோது வாசல் வரைக்கும் வந்து, "தை பொறக்கட்டும். ஒருக்கா பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து எடத்தப் பாக்கறேன். இருக்கறாப்பல இருந்தா இருந்தர்றோம். இல்லீன்னா இனிமேல் என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு முறை வருவாள், பார்ப்பாள், முடிவு செய்வாள். நான் மலை ஏறினபோது கால் வலிக்கவே இல்லை.

உங்களுக்காக ஒரு விமானம் செய்ய ஆரம்பித்தேன். மிளகுக் கொடி ஏற்றுகிற கல்யாணமுருங்கை மரம் நெட்டி மாதிரி லேசாக இருக்கும். கவுண்டர் வெட்டிப்போட்ட ஒரு கிளையை வாங்கி உடம்பைச் செதுக்கினேன். இறக்கைக்கு மூங்கில் சிம்பு, அதன் மேல் பழைய வேட்டித் துணி. இறக்கை மடங்குவதற்கு சைக்கிள் கம்பியைக் கீல் மாதிரி வளைத்தேன். மூக்கில் மண்ணெண்ணெய் டின்னில் வெட்டின ஒரு காற்றாடி. காற்று அடித்தால் கிர்ரென்று சுற்றும். இதெல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. நிறம்தான் முடியவில்லை.

என்னிடம் இருந்தது சுண்ணாம்பு, புகைக்கரி, துணிக்குப் போடுகிற நீலம், ஆரஞ்சு மரத்துக்கு அடிக்கிற மயில்துத்தம், ரோட்டுக்கு வெட்டின இடத்தில் கிடைக்கிற மஞ்சள் மண், இரும்புக்குத் துரு பிடிக்காமல் அடிக்கிற செந்தூரப் பெயிண்டு. ஒட்டுவதற்குப் பலாப்பால். முதலில் பழைய பழக்கத்தில் சுண்ணாம்பில் கரியைக் கலந்து டப்பாக்காரன் சொன்ன கடல் சாம்பலையே அடித்தேன். ஒரு கம்பில் தொங்கவிட்டுப் பாறை மேல் ஏறிப் பார்த்தால் வெள்ளைப் பனி மேல் செத்த காக்கா கிடக்கிற மாதிரி இருந்தது. அது வேறு கடலின் நிறம். நம்ம கடல் வெள்ளை.

சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தேன். விடிகாலையில் அருமையாக மறைந்தது. எனக்கு ஒரே சந்தோசம். வெயில் ஏறிப் பனி கலைந்தது, பார்த்தால் உழுத காட்டில் கொக்கு நிற்கிற மாதிரி ஒரு மைல் தூரத்துக்குத் தெரிகிறது. அப்போதுதான் விளங்கியது. நம்ம கடல் தினமும் வற்றிவிடுகிற கடல். காலையில் ஒரு நிறம், மதியம் வேறு நிறம். இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒரு நிறத்தை எந்த டப்பாவிலும் அடைத்து விற்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் பனி கலைகிற நேரத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். பாதி கடல், பாதி நிலம். ஒரு பக்கம் காடு பச்சையாகப் பிதுங்கும், ஒரு பக்கம் இன்னும் பால் மாதிரி கிடக்கும், நடுவில் எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் ஓடும். அந்த மங்கல்தான் வேண்டும். மயில்துத்தத்தையும் மஞ்சள் மண்ணையும் கலந்தால் செத்த பச்சை ஒன்று வந்தது. அதில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து வெளுக்கவைத்தேன். காய்ந்தால் ஒரு நிறம், ஈரத்தில் ஒரு நிறம். காய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று கவுண்டர் காட்டுக் கல்லில் எல்லாம் தீற்றிப் பார்த்தேன். வயிற்றுக்கு வெறும் வெள்ளை போதவில்லை. அண்ணாந்து பார்த்தால் பனி வெள்ளையாக இருக்காது, உள்ளே கொஞ்சம் இருட்டு இருக்கும். ஒரு சிட்டிகைக் கரி, அதில் பாதி நீலம். பளபளப்புப் போக அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். அடையாள வட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நம்ம தீவுக்கு எதிரி யார் இருக்கிறார்கள்?

தொங்கவிட்டுப் பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இறக்கை ஓரம் கரைந்தது. இன்னும் கொஞ்சம் போனேன், வால் போயிற்று. இன்னும் நாலடி போனால் கம்பு மட்டும் நிற்கிறது. அன்றைக்கு நான் வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். எதிர்ச் சரிவில் இருந்து கவுண்டர், "ஏனுங்க வாச்சரே, பாம்பா?" என்று குரல் கொடுத்தார்.

"இல்லீங்க கவுண்டரே! நிறம் வந்திருச்சு!"

"என்னது வந்திருச்சு?"

"நிறம்!"

அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவரே வந்து கேட்டார். தினைக்கதிர் முற்றுகிற நேரம், கிளித் தொல்லை தாங்க முடியவில்லை, காற்றில் ஆடுகிற மாதிரி ஒரு விமானம் செய்துகொடுத்தால் காவல் பரண் பக்கத்தில் கட்டிவிடலாம் என்றார். எனக்குப் பெருமை. சின்னதாக ஒன்று செய்து, அதே நிறத்தை அதே மாதிரி வளைவு வளைவாக அடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து வந்தார்.

"வாச்சரே, உங்க விமானம் நல்லா வேல செய்யுதுங்க."

"கிளி வரலீங்களா?"

"வருதுங்க. அது மேல உக்காந்துதான் திங்குது. திங்கறதுக்கு வாகா இருக்குதாட்ட இருக்குது."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பயப்படுத்தோணும்னா கண்ணுக்குத் தெரியோணுமுங்களே! கிளிக்குத் தெரியாம இருக்கறதுக்கா ஒருத்தன் பொம்மை கட்டுவான்?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கிடைத்தது வேறு. கிளிக்கே தெரியவில்லை! கிளிக் கண்ணைவிடப் பெரிய பரீட்சை உண்டா? அன்றைக்கு எனக்கு யாராவது மாலை போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வாராவாரம் கவுண்டர் மிளகு எடுத்துக்கொண்டு காரவள்ளிச் சந்தைக்கு இறங்குவார். அவர் மூலமாகத்தான் உங்க அம்மா சொல்லி அனுப்பினாள், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வருகிறோம் என்று. கவுண்டர் சொன்னார், "நான் வேணா போயிக் கூட்டியாரட்டுங்களா? பாதை ரெண்டாப் பிரியற எடத்துல குழம்பீருவாங்க."

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள். பாதை மலை ஏறி முடிகிற இடத்தில் ஒரு கிளை வாழவந்தி நாட்டுக்குப் போகும், இன்னொரு கிளை வளப்பூர் நாட்டுப் பக்கம் திரும்பி என் ஷெட்டுக்கு வரும். எனக்கு அவரைப் பண்டிகை நாளில் அலையவிட மனசில்லை. அதோடு இன்னொரு ஆசை. நீங்க மேலே ஏறி வந்ததும் முதலில் பார்க்கிறது நான் செய்த விமானமாக இருக்க வேண்டும்.

"வேண்டாங்க. அந்த எடத்துல விமானத்தக் கட்டி வெக்கறேன். அது மூக்கு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம் வரச் சொல்லுங்க."

"அந்த விமானத்தையா?"

"ஆமாங்க. பெருசு. கைய விரிச்சா இந்த அகலம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செரி, சொல்லீர்றேன்" என்றார்.

முந்தின நாளே போய்ப் பாதை ஓரத்தில், பள்ளத்துப் பக்கமாக ஒரு நீளமான மூங்கிலைச் சாய்த்து நட்டு, அதில் தொங்கவிட்டேன். பின்னால் வெறும் பனி. என் கண்ணுக்குக் கோயில் கோபுரம் மாதிரித் தெரிந்தது. நிறம் வந்த அன்றைக்கு என் கண்ணுக்கே மறைந்ததுதான், ஆனால் அதற்கப்புறம் தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது, கட்டினவனும் நான் அல்லவா. எந்த இடத்தில் வால், எந்த இடத்தில் இறக்கை என்று தெரிந்த கண்ணுக்கு அது எப்படி மறையும்? நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

மறுநாள் ஓவர்சியர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஷெட்டை விட்டு நகர முடியாது. விடிகாலையிலேயே சாணி போட்டு மெழுகினேன். தார் டின்களை ஓரமாக அடுக்கி, கவுண்டர் வீட்டில் இரண்டு பாய் வாங்கி வந்து விரித்தேன். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தேன். தேன் ஒரு கிண்ணத்தில். சின்னவளுக்குப் பயமாக இருக்கக்கூடாது என்று முகத்தை மழித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்துப் பகல் முழுக்கப் பனி கலையவே இல்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. பேச்சுக்குரல் கேட்கிற மாதிரி இருக்கும், வெளியே வருவேன், இலையில் இருந்து சொட்டுகிற சத்தமாக இருக்கும். மத்தியானம் ஆயிற்று, சோறு ஆறிக் கட்டியாயிற்று. ஓவர்சியரும் வரவில்லை. சாயங்காலம் பனி கொஞ்சம் விலகினபோது எதிர்ச் சரிவில் கவுண்டர் கூரை மேல் புகை எழும்பியது. நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அடுத்த நாள் வெளிச்சம் வந்ததும் கிளைப்பாதைக்கு இறங்கிப் போனேன். விமானம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, பாதை ஓரப் புல்லில், கரும்புச் சக்கை கிடந்தது. மலையில் ஏது கரும்பு? கீழே இருந்து பொங்கலுக்கு வாங்கினது. ஒரு இடத்தில் நன்றாக மென்று துப்பினது. பக்கத்தில் சின்னச் சின்னதாக, சாறு முழுசும் போகாமல் கடித்துப் போட்டது. பால்பல் கடித்தது. நீங்க அங்கே உட்கார்ந்திருக்கீங்க. என் விமானத்துக்குக் கீழேயே உட்கார்ந்து களைப்பாறியிருக்கீங்க.

நான் அந்தச் சக்கையைக் கையில் எடுக்கவில்லை. அப்படியே விட்டுத் திரும்பிவிட்டேன்.

கவுண்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கிளிக்கே தெரியலீன்னு நான் சொன்னனுங்களே வாச்சரே" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தார். போகும்போது, "பாய் அங்கயே இருக்கட்டும். அப்பறம் வாங்கிக்கறேன்" என்றார்.

மாற்று ஆள் வந்ததும் நான் கீழே இறங்கி வந்தேன். சின்னவளே, நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். பனியில் நனைந்தது. உங்க அம்மா ஈரத்துணியை உன் நெற்றியில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"வந்தம். விமானம் ஒண்ணும் இல்ல. ஒரு பொம்பள வந்துச்சு, ரோட்டு ஷெட்டு எங்கீன்னு கேட்டேன், வாழவந்திப் பக்கம் கைய நீட்டுச்சு. அங்க போனா ஒரு ஷெட்டு பூட்டிக் கெடக்குது. பிள்ளைக குளுர்ல நடுங்குதுக. தட்டித் தட்டிப் பாத்தேன். வரச் சொல்லிப்போட்டு இந்த மனுசன் பூட்டிட்டு எங்கியோ போயிட்டாருன்னு நெனச்சேன். மூட்டை எறக்கறவங்க கூடவே எறங்கி வந்துட்டம்."

"அது பழைய ஷெட்டு. நான் இந்தப் பக்கம்... விமானம் அங்கதான் இருந்துச்சு. அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தீங்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. பனி நிறம் அடிச்சிருந்தேன். ரொம்ப நாளாக் கலந்து கலந்து..."

அவள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "தெரியக்கூடாதுன்னே பெயிண்ட் அடிச்சுப்போட்டு, தெரியலியான்னு கேக்கறீங்களா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியவனைக் கேட்டேன், "மேல அண்ணாந்து பாக்கலியா சாமி?"

"பாத்தம்ப்பா. வெறும் பனி."

அப்போது பாயில் படுத்திருந்த சின்னவளே, நீ முதல் முறையாக என்னிடம் தானாகப் பேசினாய். "ஒரு வண்டு கத்துச்சு. கிர்ர்ருனு."

காற்றாடி. டின்னில் வெட்டின காற்றாடி. அதை நீ கேட்டிருக்கிறாய்.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. அதற்குமேல் உங்களை மலைக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ரோட்டு வேலை முடிந்து நான் ஒரேயடியாக இறங்கி வருகிற வரைக்கும் அப்படியே போய்விட்டது. வருகிற ஒவ்வொரு முறையும் பெரியவன் கொஞ்சம் வளர்ந்திருப்பான், நீ முந்தானைக்கு வெளியே கொஞ்சம் அதிகமாக நிற்பாய். யார் மேலும் குறை இல்லை. நடந்தது இதுதான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்க அம்மாவுக்கும் தெரியாது.

அந்த முறை உங்களைப் பார்த்துவிட்டு மலை ஏறினவன், ஷெட்டில் மூட்டையை வைத்துவிட்டு, செந்தூரப் பெயிண்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளைப்பாதைக்குத் திரும்பி வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கரும்புச் சக்கை கறுத்துக் கிடந்தது. நீங்க உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் குந்தி உட்கார்ந்து, தலையைச் சின்னவள் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், அப்போதும் தெரிந்தது. எப்படிப் பார்த்தாலும் அது தெரியாத கண் எனக்கு வரவில்லை.

மூங்கிலைச் சாய்த்து விமானத்தைக் கழற்றினேன். பிரஷ் கொண்டுவரவில்லை. உள்ளங்கையை டப்பாவில் முக்கி, அதன் வயிற்றில், இரண்டு இறக்கைக்கும் அடியில், பெரிய சிவப்பு வட்டம் போட்டேன். அந்த ஒரு சிட்டிகைக் கரியும் நீலமும் அதற்கடியில் போயிற்று. கயிற்றை முன்பைவிட நீளமாக விட்டு, குழந்தை கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டேன். மூக்கை ஷெட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனேன்.